பெயர் ஒன்று, ரத்தமும் ஒன்றா?

நம் ஊரில் ஒரே தெருவில் நாலு சுப்பிரமணியங்கள் குடியிருப்பார்கள். தபால்காரர் கொஞ்சம் குழம்புவார். மற்றபடி யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. "நீங்களும் சுப்பிரமணியம், நானும் சுப்பிரமணியம், ஆகவே நாம் பங்காளிகள்!" என்று ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், ஒரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பி வைப்பீர்களே தவிர, பாகப் பத்திரத்தை எடுத்துக் காட்டுவீர்களா, என்ன?

இங்கிலாந்தில் விஷயம் வேறு. அங்கே பெயரின் கடைசிப் பகுதி குடும்பத்துக்குச் சொந்தமானது. பாட்டனார் ஸைக்ஸ் என்றால் அப்பாவும் ஸைக்ஸ், பிள்ளையும் ஸைக்ஸ், பேரனும் ஸைக்ஸ். நம் பக்கத்தில் எஸ். ராமசாமி என்றால் அந்த 'எஸ்' தகப்பனார் சுந்தரத்தைக் குறிக்கும். ராமசாமிக்கு ஒரு பிள்ளை பிறந்ததும் 'எஸ்' போய் 'ஆர்' வந்துவிடும். எந்த எழுத்துக்கும் ஒரு தலைமுறைக்கு மேல் ஆயுள் கிடையாது. அதிலும் பெண்களுக்கு ஒரே ஆயுளில் இரண்டு எழுத்துக்கள்: கல்யாணத்துக்கு முன் அப்பாவுடையது, பின் கணவருடையது. இப்போது பல பெண்கள் மாற்றிக் கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

வெள்ளைக்காரரின் குடும்பப் பெயர் அப்படியல்ல. நார்மானியர் 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அடுத்த சில நூற்றாண்டுகளில் அது மெல்ல மெல்ல வேரூன்றியது. ஒருவர் செய்த தொழில், குடியிருந்த இடம், தகப்பனார் பெயர் என்று ஏதோ ஒன்று ஒட்டிக் கொண்டது, பிறகு விடவில்லை. ஆகவே அந்த நாட்டில் ஒரு கேள்வி இயற்கையாகவே எழுகிறது. இன்றைக்கு ஒரே குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களும், என்றோ வாழ்ந்த ஒரே மனிதனின் சந்ததிதானா?

மாதா கோயில் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் அவை 1538-ல்தான் ஆரம்பமாகின்றன. அதற்கும் முன்னால் நிலப் பத்திரங்களும் வரிக் கணக்குகளும்தான். ஏழை எளியவர்களின் பெயர் அதில் அகப்படுவது அபூர்வம். காகிதம் தீர்ந்துபோன இடத்தில்தான் டி.என்.ஏ. கை கொடுக்க வந்தது.

சமாசாரம் சிக்கலானதல்ல. நம் உடம்பின் உயிரணுக்களில் 23 ஜோடிக் குரோமோசோம்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, மற்றொன்று அப்பா கொடுத்தது. கடைசி ஜோடியில்தான் ஆண், பெண் வித்தியாசம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். மற்றவை எல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை சீட்டுக் கட்டைப்போல் கலைந்து கொண்டே போகும். ஒய் மட்டும், மிகப் பெரும் பகுதி, கலையாமல் கொள்ளாமல் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, அவனிடமிருந்து அவன் பிள்ளைக்கு என்று போய்க் கொண்டிருக்கும். தாத்தாவின் வைரக் கடுக்கன் மூத்த பிள்ளையின் காதுக்குப் போவதுபோல. ஒரே வித்தியாசம், இந்தக் கடுக்கன் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு.

இங்கிலீஷ்காரரின் குடும்பப் பெயர் போகிற வழியும் இதேதான் என்பதைக் கவனித்தீர்களா? பெயரும் ஆண் வழி, ஒய்யும் ஆண் வழி. இரண்டும் ஒரே வண்டியில் ஏறிப் பிரயாணம் செய்கின்றன. ஒருவர் இறங்கிக் கொண்டால் மற்றவர் காட்டிக் கொடுத்துவிடுவார்!

எப்படிக் காட்டிக் கொடுக்கும்? ஒய் குரோமோசோமில் சில இடங்களில் ஒரே சிறு சொல் அடுத்தடுத்துப் பல தடவை எழுதியிருக்கும். நோட்டுப் புத்தகத்தில் ஸ்ரீராமஜெயம் எழுதுகிற பாட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். பழைய நோட்டைப் பார்த்துப் புது நோட்டில் பிரதி எடுக்கும்போது, 13 தடவை இருந்த இடத்தில் எப்போதோ ஒரு முறை கை தவறி 14 ஆகிவிடும். அந்தத் தவறு அடுத்த நோட்டுக்கும் போகும். இரண்டு மனிதர்களின் ஒய்யில் இப்படிப்பட்ட 37 இடங்களை, அல்லது 111 இடங்களைக்கூட, எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணிக்கைகள் எல்லாம், அல்லது அநேகமாக எல்லாம், ஒத்துப் போனால் இருவருக்கும் ஆண் வழியில் ஒரு பொது மூதாதை, ரொம்பத் தொலைவில் இல்லாமல், இருந்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் பெயர் என்ன, எத்தனையாவது தாத்தா என்பதைப் பரிசோதனை சொல்லாது. அதற்குப் பழையபடி பதிவேடுகளிடம்தான் போக வேண்டும்.

பரிசோதனைக்கு ரத்தம்கூட வேண்டாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். ஆனால் பெண்களுக்குத்தான் ஒய் இல்லையே! தன் பிறந்த வீட்டு வம்சத்தைத் தேடுகிற பெண்மணி அண்ணனையோ, அப்பாவையோ, சித்தப்பா பிள்ளையையோ "கொஞ்சம் வாயைத் திற" என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

இந்த வழியை முதலில் திறந்தவர்களில் ஒருவர், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் பிரையன் ஸைக்ஸ். அப்போது கிளாக்ஸோ வெல்கம் என்ற பெரிய மருந்துக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஸர் ரிச்சர்ட் ஸைக்ஸ். "அவர் உங்களுக்கு உறவா?" என்ற கேள்வி எழுந்தது. பேராசிரியர் இருவருடைய ஒய்யையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒத்துப் போயிற்று! இனிச் சும்மா இருப்பாரா? யார்க்ஷயர், லங்காஷயர், செஷயர் பக்கங்களில் இருந்த ஸைக்ஸ்கள் பலருக்குக் கடிதம் போட்டார். மாதிரி அனுப்பியவர்களில் 48 பேருடையதைப் பரிசோதித்தார். 'ஸைக்' என்றால் வடக்கு இங்கிலாந்தில் ஓடை. யார்க்ஷயரில் ஓடைக்குப் பஞ்சமில்லை. ஓடைக்கு ஓர் ஆதி ஸைக்ஸ் இருந்திருப்பான் என்றுதான் பெயராராய்ச்சிப் பண்டிதர்கள் நினைத்திருந்தார்கள். ஆனால் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே மாதிரி ஒய் இருந்தது. அந்தப் பெயரில்லாத அக்கம்பக்கத்துக்காரர்களிடம் அது இல்லை. 700 வருஷங்களுக்கு முன்னால் எங்கேயோ ஓர் ஓடைக் கரையில் வாழ்ந்த ஒரே ஒரு மனிதர்தான் ஆதி ஸைக்ஸ் என்று 2000-ல் கட்டுரை வெளியிட்டார் பேராசிரியர். அவர் 2020-ல் காலமானார்.

அதே 2000-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. என்ற கம்பெனி கடை திறந்தது. ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து எண்ணிக்கைகளை ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். நம் ஊரில் குலதெய்வம் கோயிலில் வருஷத்துக்கு ஒரு முறை பங்காளிகள் கூடுகிற மாதிரிதான். பொங்கல் மட்டும் கிடையாது.

எல்லாப் பெயரும் ஸைக்ஸ் ஆகிவிட முடியாது. லெஸ்டர் சர்வகலாசாலையில் டூரி கிங் என்ற பெண்மணியும் மார்க் ஜோப்லிங் என்பவரும் 40 குடும்பப் பெயர்களை எடுத்துக் கொண்டு 1,678 ஆண்களைப் பரிசோதித்தார்கள். முடிவு 2009-ல் வந்தது. ஸ்மித் என்றால் கொல்லர். எந்த ஊரில் கொல்லர் இல்லை? ஆகவே இரண்டு ஸ்மித்துகளின் ஒய், தெருவில் போகிற யாரோ இருவருடையதைவிட அதிகமாக ஒத்துப் போகவில்லை. ஆட்டன்பரோ மாதிரி அபூர்வமான பெயர்களிலோ நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஒரே வழி. (பிராணிகளைப் பற்றிப் படம் எடுத்துப் புகழ்பெற்ற டேவிட் ஆட்டன்பரோவின் தகப்பனார், லெஸ்டர் சர்வகலாசாலை வெறும் கல்லூரியாக இருந்த காலத்தில் அங்கே பிரின்ஸிபாலாக இருந்தவர். நல்ல இடத்தில்தான் ஆராய்ச்சி நடந்திருக்கிறது!)

அந்த லெஸ்டர்காரர்களுக்கு ஒரு விசித்திரமும் கிடைத்தது. யார்க்ஷயரின் அபூர்வமான ஒரு குடும்பப் பெயர். அதைத் தாங்கிய ஒருவருடைய ஒய்யைப் பார்த்தால், மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே, அங்கேயும் அபூர்வமாகத் தென்படுகிற வகை! மனிதரோ பார்வைக்கு அசல் வெள்ளைக்காரர். ஆப்பிரிக்காவுக்கும் தமக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை என்றே நினைத்துக் கொண்டிருந்தவர். அதே பெயருள்ள 18 பேரைப் பரிசோதித்ததில் 7 பேரிடம் அதே ஒய் இருந்தது. பதிவேடுகளில் தேடிய போது அவர்களுடைய கிளைகள் 1780-களின் யார்க்ஷயர் வரை போயின. அதற்கு மேல் தடயமில்லை. ரோமாபுரிச் சேனையோடு வந்த ஆப்பிரிக்க வீரனா, அடிமை வியாபாரக் காலத்தில் கொண்டுவரப்பட்டவனா, சொல்வதற்கில்லை. 2007-ல் வெளியான கட்டுரையில் அந்தக் குடும்பப் பெயரை அவர்கள் போடவில்லை. அது மரியாதை. இப்படிப்பட்ட ஆராய்ச்சியில் மரியாதை ரொம்ப அவசியம் என்பது போகப் போகத் தெரியும்.

ஏனென்றால், ஸைக்ஸ்களில் மற்றப் பாதிப் பேர் என்ன ஆனார்கள் என்று நீங்கள் இந்நேரம் யோசித்திருப்பீர்கள்.

அவர்களுக்கும் ஸைக்ஸ் என்றுதான் பெயர். ஒய் மட்டும் வேறு. வம்சத்தில் எங்கேயோ ஓர் இடத்தில் பெயர் ஒரு பக்கமும் ரத்தம் ஒரு பக்கமும் பிரிந்திருக்கின்றன. ஒரு விதவை மறுமணம் செய்து கொண்டிருப்பாள். குழந்தைக்குப் புதுத் தகப்பனாரின் பெயர் வந்திருக்கும். பெற்றோரை இழந்த குழந்தையைப் பக்கத்து வீட்டு ஸைக்ஸ் வளர்த்திருப்பார். பெண் வழிச் சொத்துக்காக மருமகன் மாமனாரின் பெயரை எடுத்துக் கொண்டிருப்பான். கல்யாணமாகாத பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரையே குழந்தைக்குக் கொடுத்திருப்பாள். இவையெல்லாம் போக, கணவனுக்குத் தெரியாத கதையும் இருக்கலாம். ஊர் வாய் கடைசிக் காரணத்தைத்தான் முதலில் சொல்லும். பரிசோதனைக் குழாய்க்கு ஊர் வாய் இல்லை. பிரிந்தது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. எல்லாக் காரணங்களையும் சேர்த்தே, தலைமுறை ஒன்றுக்குச் சராசரி நூற்றுக்கு 1.3 என்று ஸைக்ஸ் கணக்குப் போட்டார்.

பெல்ஜியத்தில் மார்ட்டன் லார்மூஸோ என்ற ஆராய்ச்சியாளர் இதை இன்னும் நுட்பமாகப் பார்த்தார். காகிதப்படி ஆண் வழியில் ஒரே மூதாதையைக் கொண்ட 513 ஜோடி ஆண்களை எடுத்துக் கொண்டு, ஒய்யும் அதையே சொல்கிறதா என்று சோதித்தார். 2019-ல் வெளியான முடிவு இது: குடியானவர் குடும்பங்களிலும் வசதியுள்ள வியாபாரிகள் குடும்பங்களிலும் கணவரல்லாதவருக்குப் பிறந்த குழந்தைகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 19-ம் நூற்றாண்டில் ஜன நெருக்கடி மிகுந்த நகரங்களில், கூலிக்காரர்கள், நெசவாளிகள் குடும்பங்களில் அது ஏறக்குறைய 6.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, ஏழைப் பெண்களின் லட்சணத்தை!" என்று ஒருவர் சொன்னால், அவரோடு எனக்குச் சண்டை உண்டு. கிராமத்தை விட்டு, தாய் தகப்பன் துணையை விட்டு, ஆலைக்கும் பணக்கார வீடுகளுக்கும் வேலைக்குப் போன பெண்கள் அவர்கள். யார் விரும்பினார்கள், யார் பயந்தார்கள், யாரால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாமல் போயிற்று என்பதற்கு ஒய் குரோமோசோமில் எண்ணிக்கை இல்லை.

சாலி ஹெமிங்ஸின் கதையை எடுத்துக் கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்ஸன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சொல்லும் 1776-ம் வருஷத்துச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர். அவர் வீட்டில் அடிமைகள் நிறைய இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சாலி. அவள் ஜெபர்ஸனின் மனைவி மார்த்தாவுக்குத் தங்கை முறை, தகப்பன் ஒருவரே. மார்த்தா எஜமானி, சாலி அடிமை! மார்த்தா 1782-ல் இறந்தார். 1787-ல் ஜெபர்ஸனின் சிறு மகளுக்குத் துணையாகப் பாரிஸ் நகரத்துக்குச் சாலியை அனுப்பினார்கள். அப்போது அவளுக்கு வயது 14. ஜெபர்ஸன் அங்கே தூதராக இருந்தார்.

சாலியின் குழந்தைகளுக்கு ஜெபர்ஸன்தான் தகப்பனார் என்று 1802-லேயே பத்திரிகையில் வந்துவிட்டது. 1873-ல் சாலியின் பிள்ளை மாடிஸனும் ஒரு பத்திரிகைக்கு அதையே சொன்னார். யாரும் நம்பத் தயாராயில்லை. ஜெபர்ஸனின் குடும்பத்தார், அவருடைய சகோதரி பிள்ளைகளான கார் சகோதரர்கள் மீது பழியைப் போட்டார்கள். நீண்ட காலம் பெரிய பெரிய சரித்திராசிரியர்கள் எல்லாம் அதையே திருப்பிச் சொல்லி வந்தார்கள். ஓர் அடிமைப் பெண்ணின் பிள்ளை சொல்வது எடுபடுமா?

1998-ல் யூஜின் பாஸ்டர் என்ற டாக்டர் இந்த வழக்கில் ஒய் குரோமோசோமைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். மனைவி வழியில் ஜெபர்ஸனுக்கு வளர்ந்து ஆளான ஆண் பிள்ளை இல்லை. ஆகவே அவருடைய பெரியப்பா-சித்தப்பா வழியில் ஃபீல்டு ஜெபர்ஸன் என்பவரின் ஆண் சந்ததியாரிடமிருந்து மாதிரி எடுத்தார். சாலியின் கடைசிப் பிள்ளை எஸ்டன்; 1808-ல் பிறந்தவர். அவருடைய ஆண் வழிச் சந்ததி ஒருவரின் ஒய் ஜெபர்ஸன் ஒய்யோடு அப்படியே பொருந்தியது. கார் சகோதரர்களின் ஒய் பொருந்தவில்லை.

'ஏதோ ஒரு ஜெபர்ஸன்' என்றுதான் ஒய் சொல்லும். 'தாமஸ்' என்று சொல்லாது. தம்பி ராண்டால்பாக இருக்கக் கூடாதா என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் ஜெபர்ஸனின் வீட்டைப் பராமரிக்கும் ஸ்தாபனமே, பழைய தஸ்தாவேஜுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, சாலியின் குழந்தைகளுக்கு அவர்தான் தகப்பனாராக இருந்திருக்க வேண்டும் என்று 2000-ல் ஒப்புக் கொண்டது.

இந்த எஸ்டன் என்ன செய்தார் தெரியுமா? 1852-ல் மனைவி மக்களோடு விஸ்கான்ஸின் மாகாணத்துக்குக் குடிபோனார். அங்கே ஹெமிங்ஸ் என்ற தாய் வழிப் பெயரை விட்டுவிட்டு ஜெபர்ஸன் என்று வைத்துக் கொண்டார், வெள்ளைக்காரராகவே வாழ்ந்தார். யாரும் கொடுக்காத பெயரைத் தாமே எடுத்துக் கொண்டார். அது அவருக்குச் சேர வேண்டிய பெயர்தான் என்று தெரிய இன்னும் 146 வருஷம் ஆயிற்று.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு இருக்கிறவர்களை இது என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். 2004-ல் 15 வயதுப் பையன் ஒருவன் கன்னத்தைத் தடவிக் குச்சியை ஹூஸ்டன் கம்பெனிக்கு அனுப்பினான். ஆஸ்பத்திரி மூலம் பெயர் தெரியாத ஒருவரின் விந்துவைப் பெற்று அவனைப் பெற்றெடுத்தவர் அவன் தாயார். கொடுத்தவர் யாரென்று ஒருபோதும் தெரியாது என்பதுதான் பேச்சு. சில மாதங்களில், இரண்டு பேரின் ஒய் அவனுடையதோடு ஒத்துப் போவதாகத் தெரிந்தது. அந்த இருவருக்கும் எழுத்துச் சிறிது மாறினாலும் ஒரே குடும்பப் பெயர்! விந்து கொடுத்தவரின் பிறந்த தேதியும் ஊரும் படிப்பும் தாயாருக்குத் தெரிந்திருந்தன. அன்று அந்த ஊரில் பிறந்தவர்களின் பட்டியலைப் பையன் விலைக்கு வாங்கினான். அந்தப் பெயருடன் ஒரே ஒருவர்தான் இருந்தார். பத்து நாளில் பிள்ளை தகப்பனாரைப் பிடித்துவிட்டான்.

பையனின் பக்கம் நின்று பார்த்தால் கண்ணில் நீர் வருகிறது. அந்த மனிதரின் பக்கம், அவருடைய மனைவியின் பக்கம் நின்று பார்த்தால்? அவர் பரிசோதனை செய்து கொள்ளவே இல்லை என்பதைக் கவனியுங்கள். முன்பின் தெரியாத யாரோ இரண்டு பங்காளிகள் செய்து கொண்டார்கள். இவர் அகப்பட்டுக் கொண்டார். உங்கள் சகோதரர் ஆசைப்பட்டுக் குச்சியை அனுப்பினால், அதில் உங்கள் அப்பாவின், பெரியப்பாவின், இன்னும் பிறக்காத பேரனின் அந்தரங்கமும் சேர்ந்தே போகிறது. போகிற இடமாவது பத்திரமா? இந்த வியாபாரத்தில் பெரிய கையான டுவெண்டி த்ரீ அண்ட் மீ என்ற அமெரிக்கக் கம்பெனியிலிருந்து 2023-ல் சுமார் 69 லட்சம் வாடிக்கைக்காரர்களின் விவரங்கள் திருட்டுப் போயின. 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. வீட்டில் இருக்கிற பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் இந்தக் குச்சியை வாயில் வைக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். சில வீடுகளில் ஒரு பாட்டி எழுபது வருஷம் வாய் திறக்காமல் காப்பாற்றிய விஷயம் ஒன்று இருக்கும்.

அப்பா வழி, பிள்ளை வழி என்றே பேசிக் கொண்டிருக்கிறேனே, அம்மா வழி இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது. அதற்கென்று தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு. தாய் அதை மகனுக்கும் மகளுக்கும் கொடுப்பாள். மகனோடு அது நின்றுவிடும். மகள் தன் குழந்தைகளுக்குக் கொடுப்பாள். ஆனால் இந்த வழியில் துணைக்கு வரக் குடும்பப் பெயர் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் பெண் கல்யாணமாகிப் போகிறாள், பெயர் மாறுகிறது.

இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ரிச்சர்டு 1485-ல் பாஸ்வொர்த் போர்க்களத்தில், 32-வது வயதில் மாண்டார். லெஸ்டரில் ஒரு மடத்தில் அவசர அவசரமாகப் புதைத்தார்கள். பிற்பாடு மடமும் இடிந்துபோய், இடமும் மறந்துபோயிற்று. 2012-ல் அங்கே ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது, முதுகெலும்பு வளைந்த ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. மன்னர்தானா என்று பார்க்கும் பொறுப்பு அதே டூரி கிங் அம்மையாருக்கு வந்தது.

ரிச்சர்டுக்கு வாரிசு இல்லை. ஆகவே அவருடைய கொள்ளுப் பாட்டனாருக்குத் தகப்பனாரான மூன்றாம் எட்வர்டின் இன்னொரு கிளையில், ஸாமர்ஸெட் என்ற குடும்பத்தின் ஆண் வழிச் சந்ததியார் 5 பேரின் ஒய்யை எடுத்துப் பார்த்தார். கோட்டை, கொத்தளம், பிரபுப் பட்டம், தலைமுறை தவறாமல் எழுதி வைத்த வம்சாவளி எல்லாம் உள்ள குடும்பம்! ஒருவருடையதுகூட மன்னரோடு பொருந்தவில்லை. 5 பேரில் ஒருவர் மற்ற 4 பேரோடுகூடப் பொருந்தவில்லை. அத்தனை பேரும் புகழும் கொண்ட வம்சாவளியில் பெயரும் ரத்தமும் இரண்டு இடங்களிலாவது பிரிந்திருக்கின்றன.

பிறகு பெண் வழி. ரிச்சர்டின் அக்காள் ஆன். அவள் மகள், அந்த மகளின் மகள் என்று கல்யாணப் பதிவேடுகளைப் பிடித்துக் கொண்டு, பெயர் மாற மாற விடாமல் துரத்தி, கனடாவில் வாழ்ந்த ஒரு மூதாட்டியை ஒரு சரித்திராசிரியர் 2004-ல் கண்டுபிடித்திருந்தார். அந்த அம்மாள் 2008-ல் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளை லண்டனில் மரச்சாமான்கள் செய்யும் தச்சர்; ஆனுக்கு 17-வது தலைமுறை. அவருடைய மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மன்னருடையதோடு ஓர் எழுத்துப் பிசகாமல் பொருந்தியது. வேறொரு பெண் வழியில் வந்த ஒரு மாதுடையது ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. மற்றச் சான்றுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, எலும்புக்கூடு ரிச்சர்டுதான் என்பது நூற்றுக்கு 99.999 பங்கு நிச்சயம் என்று 2014-ல் அறிவித்தார்கள்.

2015 மார்ச் 26-ந் தேதி மன்னரை லெஸ்டர் பேராலயத்தில் ராஜ மரியாதையுடன் மறுபடி அடக்கம் செய்தார்கள். ஓக் மரத்தில் செய்த அந்தச் சவப்பெட்டி, அக்காள் வழியில் வந்த அந்தத் தச்சர் தம் கையால் செய்து கொடுத்தது.